ஏட்டில் இல்லாத கலைக்கு வாத்தியாரைத் தேடுதல்

நூலில் முழுமையாக எழுதப்படாமல், கற்பித்தவரின் உடலிலிருந்து கற்றவரின் உடலுக்கு நேரடியாகக் கைமாறி வந்த போர்க்கலை ஒன்றைக் கற்க விரும்புகிறவர் முதலில் சந்திக்கும் இடர் பயிற்சியின் கடுமை அன்று. கற்பிக்கத் தக்கவர் எங்கே இருக்கிறார், அவர் கற்பிப்பது யாரிடமிருந்து வந்தது, அதை ஒப்பிட்டுப் பார்க்க ஏடோ நூலோ உண்டா என்ற கேள்விகளுக்கு விடை காண்பதே அந்த இடர். பர்மா என்று தமிழர் பழகிய பெயரால் அழைக்கும் மியான்மரின் போர்க்கலைகளை நாடுவோரும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கம்புக்கலையை நாடுவோரும் ஏறத்தாழ ஒரே வகையான தேடலில்தான் இறங்குகிறார்கள். ஒன்றுக்கு நேர்ந்ததை அறிந்தவர் மற்றொன்றைத் தேடும்போது எதைக் கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதைச் சற்று எளிதாகத் தெரிந்துகொள்கிறார்.

பர்மாவின் போர்க்கலைகள் அனைத்துக்கும் தைங் என்பது பொதுப்பெயர். வெறுங்கைப் போர்முறையாகிய பண்டோ, வாள், ஈட்டி, கம்பு முதலியவற்றைக் கையாளும் பன்ஷே, மல்யுத்தத்தை ஒத்த நபன், குத்துச்சண்டை வகையைச் சேர்ந்த லெத்வெய் ஆகியவை அதனுள் அடங்கும். இவற்றுள் வெளியுலகம் அதிகம் அறிந்தது லெத்வெய்தான். கையுறை இல்லாமல் துணிப்பட்டையை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு, கைமுட்டி, முழங்கை, முழங்கால், பாதம் ஆகியவற்றோடு தலையாலும் மோதுவதற்கு அது இடங்கொடுக்கிறது. மரபான ஆட்டத்தில் புள்ளிக் கணக்கு இல்லை, இறுதிச் சுற்றுவரை இருவரும் நின்றுவிட்டால் ஆட்டம் சமனாக முடியும். பகோடாத் திருவிழாக்களில் மணற்களத்தில் நடந்துவந்த இந்த ஆட்டத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விதிமுறைகளை வகுத்துப் புதுவடிவம் தந்தவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பர்மாவின் சார்பில் குத்துச்சண்டையில் பங்கேற்ற சா பா நியெய்ன் ஆவார்.

மற்றக் கிளைகளுக்கு இத்தகைய நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைக் கைப்பற்றி, கடைசி மன்னர் தீபாவை இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ரத்னகிரிக்கு நாடு கடத்தியபோது, போர்க்கலைகளுக்கு இருந்த அரண்மனை ஆதரவும் முடிவுக்கு வந்தது. அதன்பின் அவை சிற்றூர்களிலும் புத்த மடங்களிலும் மலைவாழ் இனத்தாரிடமும் சிதறி வாழ்ந்தன. சிதறியவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்த முயன்றவர்களுள் குறிப்பிடத் தக்கவர் ஊ பா தான் ஜீ. அவருடைய மகன் மாங் ஜீ அமெரிக்காவில் குடியேறி, ஒகையோ மாநிலத்தில் கற்பிக்கத் தொடங்கி, 1968இல் அமெரிக்க பண்டோ சங்கத்தை நிறுவினார். இதற்கிடையில் 1962ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பிறகு பர்மா தன் கதவுகளை அடைத்துக்கொண்டதால், அந்நாட்டுச் சிற்றூர் ஆசான்களை வெளியார் அணுக முடியாமற்போயிற்று. விளைவாக, இன்று பண்டோவைத் தேடும் ஒருவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் வழியாக, வேறொரு நாட்டின் மாணவர்க்கேற்ப அமைக்கப்பட்ட பாடங்களும், டான் டிரேகரும் ராபர்ட் ஸ்மித்தும் ஆசியப் போர்க்கலைகள் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில் பர்மாவுக்கு ஒதுக்கிய பகுதியும், பின்னாளில் வந்த சில ஆங்கில நூல்களுமே.

அமெரிக்கக் கிளை பொய்யானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு மரபின் ஒரு கிளை கடல் கடந்து தழைத்திருக்கிறது. மற்றக் கிளைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புத்தான் நெடுங்காலம் இல்லாமற்போனது. 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி உள்நாட்டுப் போர் மூண்டபின், நேரில் சென்று தேடும் வழியும் ஆபத்து நிறைந்ததாகிவிட்டது. பர்மாவின் எல்லையை ஒட்டிய பகுதியின் போர்க்கலை ஒன்றை இந்தியாவுக்குள்ளேயே கற்க விரும்புவோர்க்கு மணிப்பூரின் தாங்-தா கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. வாளும் ஈட்டியும் கொண்டு ஆடப்படும் அக்கலை 1891ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் நடந்த போருக்குப்பின் ஒடுக்கப்பட்டு, பின்னர் உயிர்பெற்றது. அதன் ஆசான் குருமாயும் கௌரகிஷோர் சர்மாவுக்கு 2009இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் அது மெய்தெய் மக்களின் தனி மரபு. தைங்குக்கு மாற்றாக அதைக் கொள்வது இரண்டுக்கும் நீதி ஆகாது.

பர்மாவோடு தமிழர்க்கு இருந்த உறவு சிறியதன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். கீழ்ப்பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 1930களின் இறுதியில் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. 1942இன் போர்க்கால நடைப்பயணத்திலும், 1964ஐ ஒட்டி வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டபோதும் திரும்பி வந்தவர்கள் சென்னையில் பர்மா பஜாரையும் அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவையும் நிலைபெறச் செய்தார்கள். தைங் அவர்களோடு வந்து இங்கே வேரூன்றவில்லை. துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் வட்டிக்கடையிலும் உழைத்தவர்களுக்கும், மலைநாட்டுச் சிற்றூர்களில் ஆசானின் வீட்டு முற்றத்தில் கற்பிக்கப்பட்ட கலைக்கும் இடையே இருந்த தொலைவை எண்ணினால் அதில் வியப்பில்லை. இன்று தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பர்மியக் கம்பாட்டத்தைத் தேடும் இளைஞர், தம் ஊருக்கு அருகிலேயே அதே அளவுக்கு அறியப்படாமல் இருக்கும் கம்பாட்டம் ஒன்று உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சிறு குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில்கொண்டிருக்கும் திருவண்ணாமலை, அருணாசலேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற வடமாவட்ட நகரினின்றும் வேறானது. தென்திருப்பதி என்று மக்கள் போற்றும் இக்குன்றுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் அனைத்தும் திரண்டு வருகின்றன. இங்கிருந்து தெற்கே ராஜபாளையம் வரையிலான பகுதியும், அதற்கும் அப்பால் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி என நீளும் மலையடிவாரமும் பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையக்காரர்களின் நிலமாக இருந்தன. பாளையம் என்பது நாயக்கர் காலத்தில் படையுதவிக்கு ஈடாக ஒரு தலைவருக்கு விடப்பட்ட நிலப்பகுதி. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் 1750களில் ஆர்க்காட்டு நவாபையும் கும்பினி எனப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையையும் எதிர்த்தபோது அவரோடு நின்ற மேற்குப் பாளையங்களுள் சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அடங்கும்.

இந்நிலத்தில் ஆயுதப் பயிற்சி பரவியிருந்ததற்குப் போர் மட்டுமே காரணம் அன்று. ஊரின் பயிரையும் கால்நடையையும் காப்பதற்கு ஒரு குடியினர் பொறுப்பேற்று, களவு போனால் ஈடு தருவதாக ஒப்பி, அதற்கு ஆண்டுதோறும் விளைச்சலில் பங்கு பெறும் காவல் முறை இங்கே நிலவியது; ஓர் ஊருக்கானது தலக்காவல், ஒரு வட்டாரத்துக்கானது தேசக்காவல் எனப்பட்டது. காவல்காரருக்குக் கம்பும் ஈட்டியும் பிழைப்புக் கருவிகள், அவற்றைப் பழகுவது தொழிற்கல்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி அரசு காவல் உரிமைகளைப் பறித்துப் போலீசை நிறுவியபோது, அந்தக் கல்விக்குப் பின்னாலிருந்த வருவாய் அறுந்தது. அரண்மனையை இழந்த தைங்குக்கு நேர்ந்ததும் இதுவே எனலாம். கலையைத் தடைசெய்யும் சட்டத்தைவிட, கலைஞனுக்குச் சோறு போட்ட ஏற்பாடு மறைவதுதான் அதிகம் கேடு செய்கிறது.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்சீமைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்து, சில சாதியினரின் இரவு நடமாட்டத்தையே குற்றமாக்கிற்று. வாளையும் வேலையும் பறிக்கலாம், ஆனால் உழவனின் கைத்தடியையும் ஆட்டிடையனின் கோலையும் பறிக்க எந்த அரசாலும் இயலாது. கம்பு பிழைத்ததும் மற்ற ஆயுதங்களின் பயிற்சி மெலிந்ததும் இதனால்தான் என்று கருத இடமிருக்கிறது.

அப்படி மெலிந்தவற்றுள் மிகவும் வருந்தத் தக்கது வளரியின் கதை. வளைந்த வடிவில் மரத்தாலோ இரும்பாலோ யானைத் தந்தத்தாலோ செய்யப்பட்டு, ஓடும் மான்மீதும் பகைவர் கால்மீதும் வீசப்பட்ட எறிகருவி அது. கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் படைநினைவு நூலில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாட்டுப் போர்க்கருவி ஒன்றை அந்நியர் ஒருவர் முறையாக ஓர் ஆசானிடம் கற்றதற்கு இத்தனை தெளிவான சான்று வேறு காண்பது அரிது. சில ஆண்டுகளுக்குள் அதே வெல்ஷ் மருதிருவர்க்கு எதிரான படையில் சேர்ந்து போரிட நேர்ந்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கற்பித்தவர் யார் என்று தெரிகிறது, கருவியும் இருக்கிறது. தஞ்சை ஆயுதச் சாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். வீசும் கையின் கணக்கு, காலின் நிலை, தொலைவை அளக்கும் கண் ஆகியவற்றை ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்துவந்த தொடர் மட்டும் அறுந்துவிட்டது. இன்று வளரி வீசக் கற்பிப்போர் ஆர்வத்தாலும் சோதனையாலும் அதை மீட்டெடுக்க முயல்பவர்கள். அவர்களுடைய உழைப்பு மதிக்கத் தக்கது, ஆனாலும் அது மீட்டெடுப்பு என்பதைக் கற்கச் செல்பவர் அறிந்திருக்க வேண்டும்.

கம்பைப் பொறுத்தவரை அந்தத் தொடர் இன்னும் அறவில்லை. சிலம்பம் என்று நூல்கள் குறிப்பதை இப்பகுதி மக்கள் கம்பு சுற்றுதல் என்றும் கம்பு விளையாட்டு என்றும் சொல்வார்கள். கற்பிப்பவர் வாத்தியார், கற்பிக்கும் இடம் சிலம்பக்கூடம். இந்த வழக்குச் சொற்கள் தேடுவோர்க்கு மிகவும் பயன்படும். சிலம்பக் கலைப் பயிற்சியாளர் எங்கே என்று ஊருக்குள் கேட்பவர்க்குப் பெயர்ப்பலகை வைத்த பயிற்சி நிலையத்தின் முகவரி கிடைக்கும். கம்பு வாத்தியார் யாராவது இருக்கிறாரா என்று டீக்கடையில் இருக்கும் முதியவரிடம் கேட்டால், தோட்ட வேலைக்கோ மில் வேலைக்கோ போய்வந்து மாலையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் பெயரோ, இறந்துபோன ஒரு வாத்தியாரின் மூத்த மாணவர் பெயரோ வரக் கூடும். இரண்டாவது விடையே ஆராய்வோர்க்கு மதிப்பு மிக்கது. பெரும்பாலான வாத்தியார்களுக்குக் கம்பு முழுநேரத் தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதால் அவர்களுடைய பெயர் எந்த விளம்பரத்திலும் இடம்பெறாது.

அவர்களை வெளியே காணக்கூடிய காலம் திருவிழாக் காலம். தென்மாவட்டங்களில் மாரியம்மன், காளியம்மன் கோயில் பொங்கல்களிலும் முளைப்பாரி ஊர்வலங்களிலும் சாமி புறப்பாட்டின் முன்னால் கம்பு ஆடுவது நெடுநாள் வழக்கம். பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவை ஒட்டியும், சித்திரை, வைகாசியில் சுற்றுப்புற ஊர்களின் பொங்கல் விழாக்களை ஒட்டியும் ஊர்வலங்களைக் கவனித்து வருபவர், ஆடுகிற இளைஞரைவிட, அவர்களுக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டே கம்பில்லாமல் கண்ணால் மட்டும் திருத்திக்கொண்டு வரும் முதியவரைக் கவனிப்பது நல்லது. ஆட்டம் முடிந்தபின் அவரிடம் பேசலாம். ஊருக்குள் சிலம்பக்கூடங்கள் பெரும்பாலும் ஒரு தெருவுக்கோ ஒரு சாதிக்கோ உரியவையாக இருந்துவந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளித்தெருப் பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் கற்பிக்க மறுத்த கூடங்கள் பல இருந்தன. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் சேர்ந்தபின் இந்த வேலி பெருமளவு தளர்ந்திருப்பது, அண்மைக் காலத்தில் இக்கலைக்கு நேர்ந்த நன்மைகளுள் தலையாயது.

நல்ல வாத்தியார் முதலில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார். காலடி எனப்படும் கால் வைக்கும் முறையே முதற்பாடம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நிலை பிறழாமல் நகரவும், ஒரு கால் ஊன்றி மறுகால் திரும்பவும் கற்றபின்தான் வீச்சு. தரையில் கற்பனையாகக் கோடுகள் கிழித்து, அவற்றின் வழியே நான்கு திசைக்கும் மாறிமாறிக் கால் வைத்துக் களத்தைத் தன் வசப்படுத்துவதை வீடு கட்டுதல் என்பார்கள். பலர் சூழ்ந்து தாக்கினாலும் எந்தப் பக்கமும் முதுகைக் காட்டாமல் சுழல்வதற்கான அடிப்படை அதில்தான் இருக்கிறது. அதன்பிறகே வெட்டு, குத்து, வாரல், பூட்டு முதலிய அடிவகைகளும், அவற்றைத் தடுக்கும் முறைகளும், ஆயுதம் இல்லாதபோது பயன்படும் குத்துவரிசையும் வரும். நாகம் பதினாறு, துடுக்காண்டம், குறவஞ்சி, மறக்காணம், கள்ளப்பத்து முதலிய பெயர்களில் பாடங்கள் வழங்குகின்றன. ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஊர்களில் இருவேறு அடிவரிசைகள் கற்பிக்கப்படுவதால், பெயரை மட்டும் கேட்டு மரபை முடிவு செய்ய முடியாது. உங்கள் வாத்தியார் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று கேட்க வேண்டும். இரண்டு தலைமுறையாவது பெயரோடும் ஊரோடும் சொல்லக் கூடியவர், தாம் கற்காததைக் கற்றதில்லை என்று ஒப்புக்கொள்பவர், தம் மாணவர் வேறொரு வாத்தியாரின் ஆட்டத்தைப் பார்ப்பதைத் தடுக்காதவர் ஆகியோரிடம் நம்பிக்கையோடு சேரலாம். அகத்தியரிடமிருந்து நேரே வந்த மரபு, ஐயாயிரம் ஆண்டு மாறாத மரபு என்று பேசுவோரிடம் அந்த இரண்டு தலைமுறைக் கேள்வியையே மீண்டும் கேட்பது போதும்.

கருவியைத் தேடுவதும் தனி வேலை. கம்பு கற்பவரின் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. கெட்டியான, கணுக்கள் நெருங்கிய மூங்கிலைத் தேர்ந்து, நீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, தீயில் வாட்டி வளைவு நிமிர்த்தி, முனை பிளக்காமல் இருக்கப் பூண் போடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பை ஒட்டிய காடு 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் இருப்பதால், அங்கே மூங்கில் வெட்டுவது குற்றம். மூங்கில் கடையில் வாங்குவதே முறை. மான்கொம்பு அல்லது மடுவு எனப்படும் இருமுனைக் கருவிக்கும் இந்தச் சட்ட எச்சரிக்கை பொருந்தும். முன்பு வெளிமானின் கொம்புகளை எதிரெதிராகப் பிணைத்துச் செய்த அக்கருவியை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் உலோகத்தில் செய்துகொள்கிறார்கள். பழைய கொம்பு என்று யாரேனும் விற்க முன்வந்தால் வாங்காமல் இருப்பதே அறிவுடைமை.

இன்னும் தெற்கே சென்றால் தேடலின் தன்மை மாறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கும் அடிமுறை வெறுங்கைப் போரை முதன்மையாகக் கொண்டது. 2020இல் வெளிவந்த பட்டாசு திரைப்படத்தால் பலர் அதன் பெயரை அறிந்தனர். அங்கே கற்பிப்பவர் ஆசான் எனப்படுகிறார். ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு எனச் சுவடுகளாகப் பாடம் நடக்கும். அடிமுறையோடு பிணைந்த வர்மக்கலை, உடலில் அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு விளைக்கும் இடங்களையும், அக்கேட்டை நீக்கும் இளக்குமுறைகளையும் பற்றிய அறிவு. வர்மங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் நூல்கள் வகுக்கின்றன. வளரியைப் போலன்றி வர்மத்துக்கு ஏடுகள் நிறைய உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சைச் சரசுவதி மகாலிலும் மருத்துவச் சுவடிகள் இருக்கின்றன. சென்னை ஆசியவியல் நிறுவனம் வர்மசூத்திரம் என்னும் நூலை ஏட்டிலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தது. ஆயினும் செய்யுளில் மறைபொருளாகக் கூறப்பட்ட இவ்வேடுகள், ஏற்கெனவே கற்றவர்க்கு நினைவூட்டும் குறிப்புகளே. இடத்தின் பெயரைச் சொல்லும் செய்யுள், எந்த விரலால் எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லாது. சிகிச்சைப் பக்கத்தை மட்டும் முறையாக அறிய விரும்புவோர்க்கு, ராஜபாளையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் உள்ளன. சித்த மருத்துவப் பாடத்திட்டத்திலேயே வர்மம் இடம்பெற்றிருக்கிறது.

சிலம்பத்துக்கு அத்தகைய ஏட்டு வளம் இல்லை. உடற்கல்வித் துறை சார்ந்து ஜே. டேவிட் மானுவல் ராஜ் 1970களில் செய்த ஆய்வுகள் தொடக்ககால முறையான எழுத்துகளுள் சேரும். அரசு வழியாகத் தேடுவோர், 2007இல் அமைந்த தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் பதிவுகளையும், மாவட்டக் கலைமன்றங்கள் ஆண்டுதோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வழங்கும் விருதுகளின் பட்டியலையும் விசாரிக்கலாம். முதுமணி விருது பெற்ற கம்பு வாத்தியார் ஒருவரின் பெயர் கிடைத்தால், அவர் வழியாக அந்த வட்டாரத்தின் மற்ற மூத்தவர்களை அறிய முடியும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்பிக்கப்படுகிறது.

போட்டி உலகம் கலைக்குப் புதிய ஆதரவாளராக வந்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. காவல் உரிமை போனபின் முதன்முறையாகக் கம்பு பழகியவனுக்கு அதனாலேயே ஒரு வாழ்வு கிடைக்கக் கூடும் என்ற நிலை தோன்றியிருப்பதை மனமார வரவேற்க வேண்டும். ஆனால் தனித்திறமைப் போட்டியில் வேகமான சுழற்சிக்கும் அழகான தோற்றத்துக்கும் கிடைக்கும் மதிப்பெண், அலங்காரச் சிலம்பத்தை வளர்த்துப் போர்ச்சிலம்பத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கம்பு முனையில் சாயம் தடவி, எதிரியின் உடலில் விழுந்த பொட்டுகளை எண்ணி வெற்றி தோல்வி சொன்ன பழைய முறையின் வழிவந்த தொடுமுறைப் போட்டி ஓரளவு இக்குறையை ஈடுசெய்கிறது. உலக சாதனைச் சான்றிதழுக்காகச் சிறு குழந்தைகளை மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தி ஒரே வீச்சைச் சுழற்றச் செய்யும் வழக்கமோ எந்தக் குறையையும் ஈடுசெய்யாது. பிள்ளையின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தீங்கு செய்யும் அதைப் பெற்றோர் மறுக்க வேண்டும்.

கேரளத்தில் களரிப்பயற்று நிலைபெற்ற வரலாறு இங்கே பயன்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் ஏறக்குறைய அணைந்துபோகும் நிலையில் இருந்தது. தலச்சேரிப் பகுதியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் ஊர் ஊராகத் தேடிக் கற்று, கற்றதைக் கூடங்களில் நிலைநிறுத்தினார்கள். 1958இல் அங்கே கலைக்கெனச் சங்கம் அமைந்தது. 2017இல் வடகரை மீனாட்சி அம்மாள் பத்மஸ்ரீ பெற்றார். ஒரே தலைமுறைக்குள் பல ஆசான்களிடம் சென்று ஒப்பிட்டுக் கற்ற ஒருவர் இருந்தது அந்த மீட்சிக்குக் காரணம். வடதமிழகம், தஞ்சை, நெல்லை, குமரி என வட்டாரத்துக்கொரு முறையாகப் பரந்து கிடக்கும் கம்புக்கலைக்கு அத்தகைய ஒப்பீட்டுக் கற்றல் இன்னும் போதிய அளவில் நடக்கவில்லை.

அந்த வேலையைத் தொடங்கப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு வாத்தியாரிடம் சேர்ந்து கற்கும் மாணவர், அவர் அனுமதியோடு, அவர் தம் வாத்தியார்களின் பெயரையும் ஊரையும் சொல்வதை ஒலிப்பதிவு செய்யலாம். பாடங்களின் பெயரையும் வரிசையையும், கற்பிக்கும்போது அவர் சொல்லும் கட்டளைச் சொற்களையும் அவர் சொல்கிறபடியே எழுதிவைக்கலாம். நாளையும் இடத்தையும் குறித்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் ஒரு படியை ஒப்படைக்கலாம். இப்போது காணக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை ஆடுபவருக்கு நேரெதிரே நின்று எடுக்கப்பட்டவையாதலால், கம்பின் சுழற்சி மட்டும் கண்ணைக் கவர்ந்து, காலடி மறைந்துபோகிறது. மாடியிலிருந்தோ ஏணிமேலிருந்தோ கீழ்நோக்கி எடுத்தால்தான் வீடு கட்டும் கோடுகள் முழுவதும் தெரியும். அதோடு ஒரு முறை மெதுவாகவும், ஒரு முறை கம்பில்லாமல் காலை மட்டும் காட்டியும் எடுத்துவைத்தால், அந்த வாத்தியாரை நேரில் காணாத ஒருவரும் வேறொரு ஊரின் காலடியோடு அதை ஒப்பிட முடியும்.